ஒரே பாட்டு, பல கச்சேரிகள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மண்ணச்சநல்லூர்க்காரன் மேடையேறினால் அரிசியைப் பற்றித்தான் பேசுவான் என்று ஒரு எண்ணம் உண்டு. இன்று அரிசி இல்லை. ஒரு வித்வான் ஒரே பாட்டை வேறு வேறு வருஷங்களில், வேறு வேறு மேடைகளில் பாடியிருப்பார். அந்தப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் என்ன தெரிகிறது என்பதுதான் இன்றைக்கு விஷயம். சங்கீதம் தெரியாதவர்கள் எழுந்து போக வேண்டாம். எனக்கும் அதிகம் தெரியாது. நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

சினிமாப் பாட்டு ஒன்று பதிவானால் பதிவானதுதான். ஐம்பது வருஷம் கழித்துப் போட்டாலும் அதே பாட்டு, அதே இடத்தில் அதே புல்லாங்குழல். கச்சேரிப் பாட்டு அப்படியில்லை. கீர்த்தனையின் எலும்புக்கூடு மட்டும்தான் நிலையானது. அதற்கு முன்னால் வரும் ஆலாபனை, நடுவில் வரும் நிரவல், கடைசியில் வரும் கற்பனை ஸ்வரம் எல்லாம் அன்றைய ராத்திரி அந்த மேடையில் பிறந்து, அந்த மேடையிலேயே முடிந்துபோகிற சங்கதி. யாராவது ஒருவர் டேப்பைச் சுழல விட்டிருந்தால்தான் நமக்கு மிச்சம்.

மதுரை மணி ஐயரை எடுத்துக்கொள்வோம். பாபநாசம் சிவன் காம்போதியில் செய்த ‘காணக் கண் கோடி வேண்டும்’ அவருடைய பாட்டாகவே ஆகிவிட்டது. கச்சேரிக்குக் கச்சேரி அதைக் கேட்டார்கள், அவரும் சலிக்காமல் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியின் ‘எப்போ வருவாரோ’, கடைசியில் முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டு, எல்லாமே சபை முன்கூட்டியே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த உருப்படிகள். ‘ஒரே சமையலா?’ என்று யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு டேப்பில்தான் பதில் இருக்கிறது.

என்னிடம் அந்தக் காம்போதி ஏழு டேப்பில் இருக்கிறது. சபாக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி, வானொலி, எல்லாம் கலந்து. ஏழிலும் குரல் ஏறக்குறைய ஒரே குரல்தான். தம்பூராவோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சுருதி சுத்தம் ஏழிலும் உண்டு. ஸ்வரம் பாடும்போது கணக்குப் போட்டு நம்மை மிரட்டுகிற வேலையும் ஏழிலும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி சர்வலகுவில் போய்க்கொண்டே இருப்பார். ஆனால் போகிற பாதை மட்டும் ஏழு விதம். ஒன்றில் மேல் ஷட்ஜத்திலேயே நெடுநேரம் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இன்னொன்றில் பஞ்சமத்தை விட்டு ஏறவே மனசில்லாமல் கீழேயே விளையாடுகிறார். ஆலாபனையை ஒன்றில் மூன்று நிமிஷத்தில் முடிக்கிறார். ஒன்றில் டேப்பே தீர்ந்துபோகிறது.

திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்குப் புரிந்தது, பாதையைத் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பது. லால்குடி ஜெயராமன் வயலின் வாசிக்கிற டேப்பில், மணி ஐயர் விட்ட கடைசிப் பிடியை எடுத்து, அதையே ஒரு சுற்றுச் சுற்றி அழகு பண்ணித் திருப்பிக் கொடுக்கிறார் ஜெயராமன். அதைக் கேட்ட சந்தோஷத்தில் அடுத்த சுற்று வேறு எங்கோ கிளம்பிவிடுகிறது. டி.என். கிருஷ்ணன் வாசிக்கும்போது ராகத்தின் நிம்மதி கூடுகிறது, பாட்டும் சாவகாசமாகிறது. மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர் என்றால் ஒவ்வொரு ஆவர்த்தனமும் நிமிர்ந்து உட்காருகிறது. வேலூர் ராமபத்திரன் என்றால் சாய்ந்து உட்கார்ந்து கேட்கலாம். எது உசத்தி என்று கேட்காதீர்கள். லால்குடி நம்ம பக்கத்து ஊர், என் தீர்ப்பு செல்லாது.

இதே வேலையை உலகத்தில் வேறு யாரும் செய்கிறார்களா என்றால், செய்கிறார்கள். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்று ஒரு ராக் குழு இருந்தது. 1965-ல் கலிபோர்னியாவில் தொடங்கி, 1995-ல் ஜெர்ரி கார்சியா இறந்ததோடு முடிந்தது. 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். நேற்று வாசித்த மாதிரி இன்று வாசிக்க மாட்டார்கள். ஒரு பாட்டு ஒரு நாள் பத்து நிமிஷம், இன்னொரு நாள் அரை மணி. ரசிகர்கள் ரிக்கார்டர் கொண்டுவந்து பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984-ல் அதற்கென்று அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கிவிட்டார்கள். அந்த ரசிகர்கள் ஒரே பாட்டின் 1969 பதிவையும் 1977 பதிவையும் வைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்தால், நம்ம சபா கேன்டீன் ஞாபகம் வரும்.

நம்மைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்கு ஒரு விசேஷச் செய்தி. அவர்களுடைய கச்சேரிகளிலேயே அதிகம் பேசப்படுவது 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் நடந்தது. அதைப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர். பிற்பாடு அவருடைய டேப்புகள் வாடகைக் கிடங்கில் கிடந்து, பாக்கிக்காக ஏலத்தில் போயின. எங்கெங்கோ சுற்றித் தப்பிப் பிழைத்தவை அவை. இன்று அந்தக் கச்சேரிப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது. 2017-ல், நாற்பது வருஷம் கழித்து, முறைப்படி வெளியிட்டார்கள்.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் டேப்பில் தேதி இருக்கும், ஊர் இருக்கும், பாட்டுப் பட்டியல் இருக்கும். நம்ம டேப்பில் என்ன இருக்கும்? ‘ஜி.என்.பி. நல்ல கச்சேரி.’ அவ்வளவுதான். இல்லையென்றால் ‘சீனு கல்யாணம்.’ எந்தச் சீனு, எந்த வருஷம்?

அதனால் நாமே துப்பறிய வேண்டியிருக்கிறது. வானொலிப் பதிவு என்றால் அறிவிப்பாளர் குரல் உதவும். திருச்சி வானொலி 1939 மே 16-ல் தொடங்கியது. அதன் பழைய குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். பக்கவாத்தியக்காரர்கள் இன்னும் நல்ல சாட்சி. மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்றால், அட்டையில் 1965 என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். அவர் 1962-ல் காலமானார். ஏழு தந்தி வயலின் சௌடையா என்றால் 1967-க்கு முன். ஆலத்தூர் சகோதரர்கள் இருவர் குரலும் இருந்தால் 1964-க்கு முன்.

அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சகோதரர்கள் என்று பெயரே தவிர உடன்பிறந்தவர்கள் இல்லை. சிவசுப்பிரமணிய ஐயரின் தகப்பனார் ஆலத்தூர் வெங்கடேச ஐயர்தான் இருவருக்கும் குரு. 1964-ல் சிவசுப்பிரமணிய ஐயர் போனபிறகு ஸ்ரீனிவாச ஐயர் தனியாகப் பாடினார், 1980 வரை இருந்தார். இரண்டு காலப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தனிக் கச்சேரியில் வித்தைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சில இடங்களில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அங்கே முன்பு இன்னொரு குரல் வரும். இது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் அது போகாது.

டேப் பொய்யும் சொல்லும். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், இது பௌதிகம். ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி டேப். விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கம் 64 நிமிஷம். தரமாக வேண்டுமென்று ஏழரை அங்குலத்தில் ஓட்டினால் 32 நிமிஷம்தான். அந்தக் காலத்துக் கச்சேரியோ நாலு மணி நேரம் போகும். டேப் விலையோ கொள்ளை. என்ன செய்வார்கள்? தனி ஆவர்த்தனம் வந்ததும் மெஷினை நிறுத்திவிடுவார்கள்! வயலின்காரர் ஆலாபனை வந்தால் பாதியில் நிறுத்துவார்கள். வீட்டுப் பதிவுகளில் பாதிக்கு மேல் தனி கிடையாது. பழைய மிருதங்க வித்வான்களைப் பற்றி நாம் கதையாகப் பேசுகிறோமே தவிர காதால் கேட்டது குறைவு என்றால், இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். கேசட் வந்ததும் 45 நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கம் திருப்ப வேண்டும். ராகம் தானம் பல்லவி சரியாக அந்தத் திருப்பலில்தான் வந்து மாட்டும்.

வேகம் இன்னொரு பொய். டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பத்து நிமிஷப் பாட்டு 9 நிமிஷம் 26 விநாடியில் முடியும். கேட்கிறவர், “ஆகா, அந்தக் காலத்து விறுவிறுப்பு!” என்று தொடையைத் தட்டுவார். அதில் மோட்டாருக்கும் பங்கு உண்டு. இசைத்தட்டிலும் இப்படித்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திருவிழாவில் தோடி எடுத்தால் மணிக்கணக்கு. தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம், திருப்பினால் இன்னும் ஒரு மூன்று. மலைக்கோட்டையைத் தீப்பெட்டிக்குள் வைத்த மாதிரி. அதிலும் அவர் வைத்துக் காட்டினார் என்பது வேறு விஷயம்.

சுருக்கமாக இன்னும் இரண்டு பேர். செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் 1908-ல் பிறந்து 2003 வரை இருந்தவர். ஒரே ஆளின் கரகரப்பிரியாவைப் பல பதிற்றாண்டுகளில் கேட்கலாம். அவருக்கு இளமையிலேயே சொன்னபடி கேட்காத சாரீரம். ஆகவே வயசால் பெரிய நஷ்டம் இல்லை. எம்.எஸ். அம்மாவின் பதிவுகளை ஒப்பிடுவது முற்றிலும் வேறு வேலை. ஒரு கீர்த்தனையைப் பூரணமான வடிவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வழி. 1966-ல் ஐ.நா. சபையில் பாடியதற்கும் வேறொரு நாள் பாடியதற்கும் வித்தியாசம் தேடுகிறவர்களுக்கு அதிகம் கிடைக்காது.

இனி ஜி.என். பாலசுப்பிரமணியம். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

1910-ல் பிறந்தவர், இங்கிலீஷ் ஆனர்ஸ் படித்தவர். 1928-ல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில், முசிறி சுப்பிரமணிய ஐயருக்குப் பதிலாக உட்கார்ந்ததுதான் முதல் கச்சேரி. அந்த மின்னல் பிருகா, மூன்று ஸ்தாயியிலும் ஓடுகிற சாரீரம், ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்திலிருந்து குரலுக்குக் கொண்டுவந்த பிடிகள், இதற்காக ஊரே பின்னால் போயிற்று. 1940-ல் எம்.எஸ்ஸோடு ‘சகுந்தலை’ படத்திலும் நடித்தார். ஆனால் பாருங்கள், அந்த உச்ச காலத்தில் டேப் ரிக்கார்டர் நம் வீடுகளுக்கு வரவில்லை. இசைத்தட்டும் சினிமாவும்தான் சாட்சி. டேப் பரவியது ஐம்பதுகளில். அப்போது அவர் சாரீரம் இறங்கத் தொடங்கிவிட்டது. 1965-ல், 55 வயதில் காலமானார். மதுரை மணி ஐயரும் 1968-ல் அதே 55-ல்தான் போனார். ஆகவே நம்மிடம் முழுக் கச்சேரியாக இருக்கும் ஜி.என்.பி. பெரும்பாலும் பிற்கால ஜி.என்.பி.

இதில்தான் எனக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கும் நாற்பது வருஷத் தகராறு. ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரன். அவனிடம் இரண்டு கல்யாணி ராக டேப்புகள் இருந்தன, இரண்டும் ‘வாசுதேவயனி’. ஒன்று பறக்கும். மற்றொன்று கடைசிக் காலத்தது. அதில் மேலே போக ஆரம்பிப்பார், பாதியில் குரல் மறுக்கும், இருமுவார், சபை அமைதியாக இருக்கும். அவன் அதை யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டான்.

“டேய், நம்ம வாத்தியார் வயசான காலத்துல வேட்டி அவிழ்ந்து விழுந்தா போட்டோ புடிச்சு வெச்சுக்குவியா?” என்பான்.

“வேட்டி எங்கடா அவிழ்ந்துச்சு? திரும்பக் கேளு” என்பேன் நான்.

நான் சொன்னது இதைத்தான். அந்த டேப்பில் குரல் மறுத்த இடத்தில் அவர் நிற்கவில்லை. சட்டென்று மத்திய ஸ்தாயிக்கு இறங்கி, காந்தாரத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து ஒரு புதுப் பாதை போடுகிறார். பறக்கிற டேப்பில் அந்தப் பாதையே கிடையாது. தேவைப்படவில்லை. பிருகா ஓடும்போது நாம் ஓட்டத்தைத்தான் பார்த்தோம். ஓட்டம் நின்ற இடத்தில், கல்யாணியை அவர் எவ்வளவு யோசித்து வைத்திருந்தார் என்று தெரிகிறது. தைவதத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு விடுவதில் அவ்வளவு விஷயம். அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். “அது உன் காது பண்ற உபசாரம்டா” என்பான். அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே சில ராத்திரிகளில் தோன்றும். பாடுகிறவர் படும் சிரமத்தைக் கேட்டுவிட்டு அதில் தத்துவம் தேடுவது கேட்கிறவனுக்குச் சுலபம். அவருக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்?

தோழன் போனபிறகு அவன் மகன் டேப்புகளையெல்லாம் என்னிடம் கொடுத்தான். கூடவே ஒரு செய்தியும். ‘கடைசிக் கல்யாணியை அவனிடம் கொடு, ஆனால் அழித்துவிடச் சொல்.’ டேப்புகள் நல்ல நிலையில் இல்லை. அசிடேட் டேப் புளித்த காடி வாசனை அடிக்கும், தொட்டால் முறியும். மற்றவை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். இங்கே பௌதிகம் படிக்கும் ஒரு மாணவர்தான் இரண்டையும் கணிப்பொறியில் ஏற்றிக் கொடுத்தார். ஏற்றியதும் அவர் ஒரு வேலை செய்தார். பழைய ரிக்கார்டர்களில் மின்சார இரைச்சல் ஒன்று கூடவே பதிவாகும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த இரைச்சல் 50-ல் இருந்தால் டேப் சரியான வேகம். நகலுக்கு நகல் புது இரைச்சல் சேரும், நம்ம ஊர் மின்சாரமும் எப்போதும் 50-ல் நின்றதில்லை, ஆகவே இது ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை. பறக்கிற டேப்பில் அது 53-ல் இருந்தது.

வேகத்தைச் சரிசெய்து போட்டார். சுருதி அரைக் கட்டை இறங்கிற்று. இன்னும் பறக்கத்தான் செய்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தத் தெய்வீகப் படபடப்பு குறைந்து, ஒரு மனுஷன் மூச்சு வாங்கிப் பாடுவது கேட்கிறது. முன்னே கேட்காத இரண்டு மூன்று கமகங்கள் கேட்கின்றன. இரண்டு டேப்புக்கும் நடுவே நாங்கள் நாற்பது வருஷம் வைத்திருந்த தூரம் கொஞ்சம் குறைந்துவிட்டது. இதைக் கேட்டால் அவன் சந்தோஷப்பட்டிருப்பானா, என் சட்டையைப் பிடித்திருப்பானா என்று தெரியவில்லை. மிருதங்கம் பழனி என்று வாசிப்பிலேயே தெரிகிறது.

அழிக்கச் சொன்ன டேப்பை நான் அழிக்கவில்லை. அவனுடைய மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பா பேரை மட்டும் அதுல போடாதீங்க மாமா” என்றான். சரி என்றேன்.

இரண்டையும், வேகம் சரிசெய்ததும் செய்யாததுமாக, நம் கல்லூரி நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் டேப் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்கு முன் அதன் அட்டையையாவது படித்துப் பாருங்கள். ஒன்றுமே எழுதியிருக்காவிட்டால், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே யார் கல்யாணம், எந்த வருஷம் என்று கேட்டு எழுதி வையுங்கள். நூலகத்தில் கொடுத்த முதல் டேப்பின் அட்டையில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘ஜி.என்.பி., கல்யாணி. தேதி தெரியவில்லை, 1962 மே மாதத்துக்கு முன். மிருதங்கம் பழனி. தனி ஆவர்த்தனம் பதிவாகவில்லை.’ இரண்டாவதில் தேதி போட இன்னும் வழி பிடிபடவில்லை. வயலின் யார் என்று கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கத்தில் யாராவது இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்துக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.